1147-ஆம் எண் கிணறு வற்றவில்லை

ஹொமோக்வார்
9 மார்ச் 1992

திரு. அம்ப்ருஷ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பொறுப்பில் இருக்கும் 1147-ஆம் எண் அளவுக் கிணற்றின் பிப்ரவரி மாத அட்டை வந்து சேர்ந்தது. நன்றி. திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு நாடாவை இறக்கி, குழாய் வாயிலிருந்து தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறவர்கள் எங்கள் பதிவேட்டில் எண்பத்து மூன்று பேர். அவர்களில் ஒரு நாளும் தவறாதவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். அட்டையின் ஓரத்தில், "இந்த வருஷமும் பனி விழவில்லை, முயல்கள் ஆப்ரிகாட் மரப் பட்டையைக் கடிக்கின்றன, அலுவலகத்தில் இதற்கு ஏதாவது வழி தெரியுமா" என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டை என் மேஜையோடு நிற்பதில்லை, தலைமைப் பொறியாளர் வரை போகிறது. அவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏம்மா இபோயா, முயலை எந்தக் கட்டத்துல ஏத்துவீங்க?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அது வேறு விஷயம்.

இனிமேல் முயல் செய்திகளைத் தனித்தாளில் எழுதி அட்டையோடு உறைக்குள் வையுங்கள். படிக்கிறேன்.

இப்படிக்கு,
இபோயா
பதிவாளர், நிலத்தடி நீர்ப் பிரிவு


ரிகோகுத்
2 ஏப்ரல் 1992

மதிப்பிற்குரிய பதிவாளர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் சொல்படி தனித்தாள். முயல்கள் போய்விட்டன. கடிப்பதற்கு இனிப் பட்டை பாக்கியில்லை.

அட்டை ஓரத்தில் எழுதியது தவறுதான். என் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பண்ணையில் நான், ஒரு பசு, நூற்றிருபது ஆப்ரிகாட் மரம். அந்த ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் எழுதிவிட்டேன். நேற்று நான் தனித்தாள் தேடியபோது என் அக்கா மர்கித் பக்கத்தில் இருந்தாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி அவள் பண்ணை. "தண்ணி அளக்குறவனுக்குத் தாளு எதுக்குடா? காதல் கடுதாசியா?" என்றாள். அறுபது வயதாகிறது, வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை.

உங்களுக்கு நினைவிருக்காது. எண்பத்தொன்பதில் நீங்கள் ஒருமுறை இங்கே வந்தீர்கள், புது நாடா கொடுக்க. நாடாவின் நுனியில் இருக்கும் உலோக விசில் தண்ணீரைத் தொட்டதும் எப்படி ஊதும் என்று காட்ட, அதை உங்கள் உதட்டில் வைத்து ஊதினீர்கள். உங்கள் காலுக்குப் பெரிதான ஒரு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தீர்கள். பதினொரு வருஷமாக அதே வேலையைச் செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் ஊதிக் காட்டியிருக்க மாட்டீர்கள்.

இன்று காலை 4 மீட்டர் 71. போன வருஷம் இதே வாரம் 4.20. நான் பொறுப்பேற்ற எழுபத்தெட்டில் இரண்டு மீட்டரில் தண்ணீர் இருந்தது. அப்போதெல்லாம் நல்ல மழை பெய்தால் மூன்றாம் நாளே ஒரு சாண் ஏறி நிற்கும். நாடாவை இறக்கும்போதே கை சொல்லிவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
20 ஜூலை 1992

அன்புள்ள அம்ப்ருஷ்,

நான்கு உறைகள் வந்துவிட்டன, நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பதிவாளர் அம்மா வேண்டாம். தபால் ஜன்னலில் வரிசையில் நிற்கிறவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். இபோயா என்றே எழுதுங்கள்.

பூட்ஸ் நினைவிருக்கிறது. அது ஓட்டுநருடையது. பதினொரு வருஷம் செய்த வேலையை நான் கற்றுக்கொடுத்தபோது தலையாட்டிக்கொண்டு நின்றீர்களே, அதையும் மறக்க மாட்டேன். இனி சந்திக்கும்போது இதற்குக் கணக்குத் தீர்ப்பேன்.

நான் இருப்பது நான்காவது மாடி. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. விவாகரத்தாகி எட்டு வருஷம், மகள் பேச் நகரத்தில் படிக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் நானும் வானொலியும்தான்.

தண்ணீர் ஏன் இப்படி இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமிருந்தும் அடி விழுகிறது. தன்யூபுக்கும் திஸாவுக்கும் நடுவில் இருக்கும் நம் மணல் மேட்டுக்கு எந்த ஆறும் தண்ணீர் கொண்டுவருவதில்லை. வானம் கொடுப்பதுதான் உண்டு. வானம் கொடுக்காத வருஷத்தில் பயிர் வாடுகிறது, வாடினால் மோட்டாரை அதிகம் ஓட்டுகிறார்கள். வரவு குறையும் வருஷத்தில்தான் செலவு கூடுகிறது. கோடையில் வரும் மழையையும் இலையும் வேரும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்கின்றன, கீழே போவதற்கு மிச்சம் இருப்பதில்லை. குளிர்காலத்தில் பனி உருகி மெல்ல இறங்குவதுதான் நிலத்தடிக்குச் சேரும். அந்தப் பனிதான் மூன்று வருஷமாக இல்லை.

இதை அலுவலகத்தில் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். உங்களுக்கு எழுதும்போது யாரோ கேட்பது போல இருக்கிறது.

அன்புடன்,
இபோயா


ரிகோகுத்
31 ஆகஸ்ட் 1992

அன்புள்ள இபோயா,

உங்கள் பெயரை முதல் முறை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது பழகிவிட்டது.

இன்று 6.01. கூட்டுறவுப் பண்ணை கலைந்த பிறகு ஆளுக்கொரு துண்டு நிலம், ஆளுக்கொரு போர்வெல். கிழக்கே கால்மான் குடைமிளகாய்க்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருக்கிறான். கோடை முழுக்க அவன் மோட்டார் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கிறது. போய்ச் சொன்னேன். "அண்ணே, நான் எடுக்கலேன்னா பக்கத்துக்காரன் எடுப்பான். தண்ணிக்கு எம்மேல மட்டும் கோவமா என்ன?" என்றான். கெட்டவன் இல்லை. மூன்று பிள்ளைகள். என்னிடம் ஒரு கூடை மிளகாய் கொடுத்து அனுப்பினான், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு விஷயம் கேட்கலாமா? என் குழாயின் அடி 6 மீட்டர் 20. அதற்குக் கீழே சேறு. பக்கத்து ஊர் வெண்டெலின் கிணறு எண்பத்தெட்டில் வற்றியது. இருபது வருஷம் அளந்தவர். அச்சடித்த ஒரு நன்றி அட்டை வந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு வரி கிடையாது. அந்த அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கே போனால் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். கிணறு வற்றினால் இப்போதும் அப்படித்தானா?

அன்புடன்,
அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
14 அக்டோபர் 1992

அன்புள்ள அம்ப்ருஷ்,

செப்டம்பர் அட்டை பார்த்தேன். மாதக் கடைசியில் 6.09, 6.08, 6.08. இறங்குவது நின்றுவிட்டது. பொறியாளரிடம் காட்டினேன். "அடியில களிமண் தட்டு இருக்கும்மா, அதான் தாங்குது" என்றார். உங்களைச் சுற்றிக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டிருக்கின்றன, இதுவரை பதினான்கு. உங்களுடையது மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. உரிமையாளரைப் போலவே.

எனக்கு வெளியூர் வேலை அதிகமாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் ஜீப்பில் அலைச்சல். காலணி, பை, தலைமுடி எல்லாம் மணல். இந்த முறை என் அளவுக்குச் சொந்தமாக ஒரு பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

வெண்டெலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பழைய காலம். உங்கள் கிணறு நன்றாக இருக்கும்போது அந்தப் பேச்சு எதற்கு? அப்படி ஒரு நாள் வந்தால் அப்போது சொல்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. பசுவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
இபோயா


ரிகோகுத்
10 டிசம்பர் 1992

அன்புள்ள இபோயா,

நாட்காட்டியில் என் பெயர் போட்டிருக்கும் பெயர் நாளுக்கு நீங்கள் அனுப்பிய கசகசா ரொட்டி ஏழாம் தேதியே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று வைத்துச் சாப்பிடுகிறேன். மர்கித் மோப்பம் பிடித்து வந்து, "இது கடை ரொட்டி இல்ல. யாருடா அவ?" என்று கேட்டாள். அலுவலகம் என்று சொன்னேன். "கவருமெண்டு எப்பலேர்ந்து கசகசா அரைக்குது?" என்றாள்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நவம்பரில் இரண்டு முறை கோட்டைத் தட்டி மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தேன். அங்கே நின்று யோசித்தேன், அலுவலகக் கதவைத் தட்டி என்னவென்று சொல்வது? அட்டையைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று விதி. முயலைப் பற்றிப் பேச வந்தேன் என்றால் பொறியாளர் சிரிப்பார். திரும்பிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடப்பதை யாரும் பார்க்காதது நல்லது.

அட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 6.05.

அன்புடன்,
அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
22 பிப்ரவரி 1993

அன்புள்ள அம்ப்ருஷ்,

உங்கள் டிசம்பர் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. நானும் உள்ளதைச் சொல்கிறேன். ரிகோகுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். பிறகு, காரணமில்லாமல் ஒரு பெண் தனியாக இருக்கும் ஆணின் பண்ணைக்குப் போய் இறங்கினால் உங்கள் ஊர் என்ன பேசும், உங்கள் அக்கா என்ன பேசுவார் என்று நினைத்து விட்டுவிட்டேன். என் மகள் கேட்டால் சிரிப்பாள். அவள் தலைமுறைக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. ஏதாவது ஒரு காரணம் வரும், அம்ப்ருஷ். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அலுவலகச் செய்தி ஒன்று. உங்கள் பக்கத்திலிருந்து ஆழமான பாசன போர் கேட்டுப் பதினொரு மனு வந்திருந்தது. மற்ற வட்டங்களில் எல்லாம் நிராகரித்துவிட்டோம். ஆனால் விதிப்படி, அளவுக் கிணறு குளிர்காலத்தில் ஏறினால் அந்த வட்டத்தில் அனுமதி கொடுக்கலாம். உங்கள் கிணறு 6.09-இலிருந்து 6.00-க்கு ஏறியிருக்கிறது. "ரிகோகுத் தாங்கும்மா, அங்க மட்டும் விடலாம்" என்றார் பொறியாளர். பதினொன்றிலும் நான்தான் அளவைச் சரிபார்த்து முத்திரை போட்டேன். உங்கள் எண் என்பதால் கை தயங்கவில்லை. எண்பத்து மூன்று பேரில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற எண் உங்களுடையது.

அன்புடன்,
இபோயா


ரிகோகுத்
10 ஏப்ரல் 1993

அன்புள்ள இபோயா,

நாளை மறுநாள் ஈஸ்டர் திங்கள், பெண்கள் வாடாமலிருக்க ஆண்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தெளிக்கும் நாள். உங்கள் மாடிக் கட்டடத்தில் படியேறி வந்து தண்ணீர் தெளிக்க யாருமில்லை, போன வருஷம் ஒரு சொட்டுகூட மேலே படவில்லை, அதனால்தான் வாடிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாடுவதற்கு நான் விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, வெயிலில் காயவைத்து, உறையில் போடுவேன். மை கலைந்திருந்தால் அது என் கைதான். வழக்கப்படி பதிலுக்கு எனக்கு ஒரு வர்ணம் தீட்டிய முட்டை வர வேண்டும்.

போர் வண்டி வந்துவிட்டது. முதல் குழாய் கால்மானுக்கு, நாற்பது மீட்டர். ஐந்து நாளில் நான்கு பண்ணை. நேற்று கால்மான் ஆப்ரிகாட் சாராயம் ஒரு பாட்டிலோடு வந்தான். "அண்ணே, ஒங்க கெணத்துப் புண்ணியத்துலதான் எனக்கு அனுமதி கெடச்சுது. ஒரு மடக்காவது குடிங்க" என்றான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பாட்டில் மேஜையிலேயே இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம். பண்டிகை போகட்டும்.

அன்புடன்,
அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
26 ஏப்ரல் 1993

என் அன்புள்ள அம்ப்ருஷ்,

நனைந்தேன். பாதி வரிகள் நீலமாக ஓடிவிட்டன, ஜன்னல் பக்கம் பிடித்துப் பிடித்துப் படித்தேன். படித்து முடித்ததும் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். வயசுக்கு இதெல்லாம் தகுமா என்று கேட்காதீர்கள்.

முட்டையைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளையும் பார்த்துவிட்டு எறியுங்கள், பூ வரைய இரண்டு நாள் ஆயிற்று.

சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள்
இபோயா


ரிகோகுத்
14 ஜூன் 1993

அன்புள்ள இபோயா,

முட்டை ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் எழுதவில்லை. மே மாதம் முழுக்க எழுதிக் கிழித்தேன்.

புனித மேதார்த் நாளில் மழை வந்தது. எட்டாம் தேதி, செவ்வாய், மதியத்திலிருந்து மாலை வரை விடாமல். மழைமானியில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். நான் நனைந்துகொண்டே முற்றத்தில் நின்றேன். அந்த நாளில் பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்று எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மறுநாளே வெயில்.

மாதம் முடியும்வரை காத்திருக்க மனமில்லாமல் பாதி அளவுகளை இப்போதே அனுப்புகிறேன். ஏழாம் தேதி 5.98. பத்தாம் தேதி 5.86. மழை நன்றாகவே சேர்ந்திருக்கிறது.

பத்தாம் தேதி மர்கித்தின் பெயர் நாள். பூங்கொத்தோடு போனேன். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். "மழ பேஞ்சு என்னடா புண்ணியம்? வாளி சேத்த மோந்துகிட்டு வருது. நாப்பத்தி மூணு வருஷமா இந்தக் கெணறு என்ன ஏமாத்துனதில்ல" என்றாள். கால்மான் தன் நிலத்தின் அந்தக் கோடியில் வைத்த புது மோட்டார் அவள் வேலியிலிருந்து இருநூறு அடி. அவளுடைய மரங்களில் ஜூன் மாதத்திலேயே இலை மஞ்சள். காய் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. அவளோடு உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்புடன்,
அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
18 ஜூன் 1993

அம்ப்ருஷ்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மீட்டர் மணல். ஜூன் மாதம். மரம் முழுக்க இலை. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் மழை இரண்டு நாளில் ஆறு மீட்டர் இறங்காது. இரண்டு மாதத்திலும் இறங்காது. இரண்டு மீட்டரில் தண்ணீர் இருந்த காலத்தில் மூன்றாம் நாள் ஏறியது என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஏற வழியே இல்லை. அதுவும் உங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்றில் சேறு வரும்போது.

பத்தாம் தேதி காலை விசில் ஊதியதா?

இபோயா


ரிகோகுத்
24 ஜூன் 1993

இபோயா,

ஊதவில்லை.

போன வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, நாடாவை இறக்கினேன். சத்தமே இல்லை. இன்னும் இறக்கினேன், நாடா தளர்ந்தது. மேலே இழுத்தபோது விசிலுக்குள் சேறு அடைத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். நான்கு முறை. பிறகு உள்ளே போய் அட்டையை எடுத்து, வெண்டெலின் சுவரை நினைத்துக்கொண்டு, 6.09 என்று எழுதினேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் உங்கள் கடிதம் எதுவும் வரவில்லை. அடுத்த வாரமும் எழுதினேன்.

அன்றிலிருந்து எழுபத்தேழு அளவுகள். எல்லாம் என் தலையிலிருந்து. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குப் போய் நாடாவை இறக்கிவிட்டுத்தான் எழுதினேன், அது ஒன்றுதான் பொய்யில்லை. குளிர்காலத்தில் கொஞ்சம் ஏற வேண்டும் என்று தெரியும், அதனால் ஏற்றினேன். மழை பெய்ததும் பழைய பழக்கத்தில் அரைச் சாண் ஏற்றிவிட்டேன். இத்தனை வருஷம் அளந்தவன், ஆறு மீட்டர் என்பது இரண்டு மீட்டர் இல்லை என்பதை மறந்துவிட்டேன். அந்த மழையில் நின்றபோது உண்மையிலேயே தண்ணீர் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிணறு போனால் எண் போகும், எண் போனால் உறை போகும். என் பெயரை எழுதி, நான் இன்று என்ன செய்தேன் என்று கேட்க உலகத்தில் வேறு யாரும் இல்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் பதினொரு முத்திரை என்று படித்தபோதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில்தான் பேருந்து விசாரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இழக்க மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு உங்கள்மேல் தெளித்தது மர்கித்தின் கிணற்றுத் தண்ணீர். ஒரு குவளை கேட்டு வாங்கி வந்தேன்.

நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன். பால் கறந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு பொம்பளைக்கு லெட்டர் எழுதத்தான் எங் கெணத்த எறச்சியா?" என்றாள். அப்புறம், "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "பாவம்" என்றாள். எனக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காக. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீங்கள் என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். அலுவலகத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். உங்கள்மேல் ஒன்றும் வராதபடி எழுதித் தருகிறேன்.

அம்ப்ருஷ்


ஹொமோக்வார்
5 ஜூலை 1993

அம்ப்ருஷ்,

இதை நான் என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வந்த அன்றைக்கே பொறியாளரிடம் கொடுத்துவிட்டேன், முழுக்கவும். முயலுக்குச் சிரித்த மனிதர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என்னைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் முதல் திஸா கரையில் ஒரு நீர்மட்டச் சாவடியில் ஆற்றைப் பார்த்து எழுத வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. முத்திரை என் கையால் விழுந்தது. நான் ஒரு எண்ணைச் சரிபார்க்கவில்லை, ஒரு ஆளை நம்பினேன்.

பதினொரு போர்களை மூட முடியாதாம். அனுமதி அனுமதிதான், சட்டப்படி இரண்டு வருஷம். இந்தக் கோடையில் மோட்டார்கள் ஓடும். ஓடும் வரை உங்கள் பக்கத்துக் கிணறு எதுவும் ஏறாது, மழை பெய்தாலும் ஏறாது. உங்கள் அக்காவுக்கு வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். வரும் வாரத்திலிருந்து வரும். அது பசுக்களுக்குப் போதும். மரங்களுக்குப் போதாது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் என்னைப் பாவம் என்று சொன்னதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வேண்டாம்.

இனி, நீங்கள் போன ஆகஸ்டில் கேட்ட கேள்விக்குப் பதில். அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஒரு சின்ன ஆசையில் எழுதாமல் விட்டேன். அது என் தவறு, அதற்கு முத்திரை கிடையாது.

வெண்டெலுக்கு அச்சடித்த அட்டை வந்தது எண்பத்தெட்டில். தொண்ணூற்றொன்றில் விதி மாறிவிட்டது. இப்போது ஒரு கிணறு வற்றினால் அட்டை அனுப்பக் கூடாது. பதிவாளர் நேரில் போக வேண்டும். அளப்பவரோடு சேர்ந்து நின்று நாடாவை இறக்கி, சத்தம் வரவில்லை என்று தன் காதால் கேட்டு, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். வாரம் இரண்டு நாள் ஜீப்பில் அலைந்தேனே, அந்த வேலை இதுதான். இதுவரை பத்தொன்பது கிணறு, பத்தொன்பது வீடு. எல்லா வீட்டிலும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

போன இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் உங்கள் உறையைப் பிரிக்கும்போது, நிலத்தடி நீர்ப் பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள், கடவுளே இந்தக் கிணறாவது வற்றியிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பிரித்தேன். உள்ளே 6.08 இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவேன்.

வியாழக்கிழமை ஓர் இளம் பொறியாளர் வருவார். குழாயை மூடி, எண் தகட்டை எடுத்துக்கொண்டு போவார். கடைசியாகத் தண்ணீர் இருந்த தேதியைக் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். நல்ல பையன், காபி கொடுங்கள்.

எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பதில் எழுதிவிடுவேன், உங்கள் அக்காவின் மரங்கள் காய்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பதிலை என்னால் எழுத முடியாது.

அன்றைக்கு நீங்கள் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடு ஒன்று போட்டு அட்டையை அனுப்பியிருந்தால் போதும், அம்ப்ருஷ். நான் செப்டம்பர் கடைசியிலேயே உங்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

இபோயா